நாற்பத்திரண்டு பேரும் வந்திருந்தார்கள்

ஆகஸ்ட் 5, 2024, திங்கள்

இந்த நாட்குறிப்பு எனக்குப் பேச்சுப் போட்டியில் இரண்டாம் பரிசாகக் கிடைத்தது. முதல் பரிசு சுவர்க்கடிகாரம். அது பெனிட்டாவுக்கு. கடிகாரத்தைவிட எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது என்று அவளிடம் சொன்னேன். "அப்ப மாத்திக்குவமாட்டி?" என்றாள். நான் சொன்னதை அவள் நம்பியதுபோல இல்லை. வேண்டாம் என்றுவிட்டேன்.

முதல் பக்கம் என்பதால் என்னைப் பற்றி எழுதிவிடுகிறேன். பெயர் பூங்கோதை. வெள்ளைக்குளம் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு. அப்பா லாரி ஓட்டுகிறார். மாதத்தில் இரண்டு முறை வருவார். அம்மா முத்துச்செல்வி அங்கன்வாடியில் வேலை பார்க்கிறாள். நான் வகுப்புத் தலைவி. நூலகச் சாவியும் என்னிடம்தான்.

பெனிட்டாவும் நானும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. அவளுடைய அம்மா இறந்த பிறகு அவள் சித்தப்பா வீட்டில் இருக்கிறாள். எனக்கு எழுத வரும். அவளுக்குக் குரல் உண்டு. போட்டிக்கு இரண்டு பேச்சையும் நான்தான் எழுதினேன். "நீ எழுதுனா நான் பேசிருவேன்ட்டி" என்றாள். பேசிவிட்டாள். இருபத்து நான்காம் தேதி விருதுநகரில் மாவட்டப் போட்டி. பள்ளிக்கு ஒருவர்தான் போகலாம். அவள் போவதில் எனக்கு மகிழ்ச்சி.

காலையில் முதல் மணி அடித்ததும் வசந்தமாலா மிஸ் தன் கைப்பேசியை என்னிடம் தந்துவிடுவார். வருகைப் பதிவு இப்போது அதில்தான். நாற்பத்திரண்டு பெயரும் பச்சையாக இருக்கும். வராதவர் பெயரைத் தொட்டால் சிவப்பாகும். மாணவிகள் செய்யக் கூடாத வேலை. ஆனால் மிஸ்ஸுக்கு நிரப்ப வேண்டிய படிவங்கள் மலைபோல் இருக்கின்றன, மூச்சிரைப்பு வேறு. என்னைத் தவிர வேறு யாரையும் நம்பமாட்டார்.

இன்று நாற்பத்திரண்டு பேரும் வந்திருந்தார்கள்.

ஆகஸ்ட் 7, புதன்

பள்ளிக்கு எழுபத்தைந்தாம் ஆண்டு விழா வருகிறது. பழைய பதிவேடுகளை ஆண்டுவாரியாக அடுக்கும்படி மிஸ் சொன்னார். அவை நூலகத்தின் கடைசி இரும்பு அலமாரியில் கிடக்கின்றன. பெனிட்டாவும் வந்தாள். போட்டி முடியும்வரை அவள் வகுப்புக்கு வராமல் நூலகத்தில் பேசிப் பழகலாம் என்று மிஸ் அனுமதி கொடுத்திருக்கிறார்.

1998–99, பத்தாம் வகுப்பு ஆ பிரிவுப் பதிவேட்டில் அம்மாவின் பெயர் இருந்தது! வரிசை எண் 32. அப்போதெல்லாம் ஒரு நாளுக்கு இரண்டு கோடு போடுவார்களாம். காலைக்கு ஒரு சாய்கோடு, மதியத்துக்கு அதன் குறுக்கே இன்னொன்று. இரண்டும் சேர்ந்தால் பெருக்கல் குறி. அம்மாவின் வரிசை முழுக்கப் பெருக்கல் குறிகள்.

"உங்கம்மா ஒரு நாள்கூட லீவு போடலையேட்டி. ஒனக்கு எங்கேருந்து வந்துச்சுன்னு இப்பத்தான் தெரியுது" என்றாள் பெனிட்டா.

அம்மாவுக்கு மேலே, 31-இல், மாரீஸ்வரி என்று ஒரு பெயர். ஜனவரி 27 புதன்கிழமை வரை பெருக்கல் குறிதான். அதன் பிறகு மூன்று நாள் வரவில்லை. அதற்குப் பிறகு சிவப்பு மையில் நீளமாக ஒரு கோடு, மார்ச் வரைக்கும்.

ஆகஸ்ட் 8, வியாழன்

மாரீஸ்வரி யார் என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "அந்த ரெஜிஸ்டரை எங்க வச்ச?" என்று மட்டும் கேட்டாள்.

ஆகஸ்ட் 10, சனி

அம்மாவுடன் அங்கன்வாடிக்குப் போய் உதவினேன். சத்துமாவு உருண்டை பிடித்தேன். அம்மா குழந்தைகளின் வருகையை எடுக்கும் முறை வேடிக்கையானது. பெயரைக் கூப்பிட்டுவிட்டு, எழுந்துபோய், அந்தக் குழந்தையின் தலையைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் பேனாவை எடுப்பாள். பத்தொன்பது குழந்தைகளுக்குப் பத்தொன்பது நடை.

"கூப்பிட்டா 'இருக்கேன்'னு சொல்லுதுகள்ல. அது போதாதா?" என்றேன்.

"குரலை நம்பக் கூடாது" என்றாள்.

மதியம் என் சாதிச் சான்றிதழைத் தேடி அம்மாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அடியில் ஒரு கைக்குட்டைக்குள் ஒற்றைக் கொலுசு இருந்தது. பழைய மாதிரி, மாங்காய் வடிவ மணிகள். அம்மா கொலுசு போட்டு நான் பார்த்ததே இல்லை. எனக்கும் வாங்கித் தரமாட்டாள். "சத்தம் புடிக்காது" என்பாள்.

ஆகஸ்ட் 12, திங்கள்

நாற்பத்திரண்டு பேரும் வந்திருந்தார்கள்.

பெனிட்டாவுக்குத் தலைவலி. அவள் நூலகத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டோம். பொய் என்று சொல்ல முடியாது. நான் எதையும் தொடவில்லை. தொடாமல் இருந்தாலே பச்சைதான்.

ஆகஸ்ட் 14, புதன்

நாளை சுதந்திர தினம். இன்று பார்த்து ஓவர்கோட்டின் தையல் விட்டுவிட்டது. என் சீருடையை அம்மா எப்போதும் சாத்தூரில்தான் தைக்கக் கொடுப்பாள். பள்ளிக்கு எதிரிலேயே டெய்லர் கடை இருக்கும்போது ஏன் என்று கேட்டால் "அங்க அளவு சரியா இருக்காது" என்பாள். அம்மா கூட்டத்துக்குப் போயிருந்ததால் எதிர்க்கடைக்குப் போனேன்.

அந்த அக்காவின் பெயர் காளீஸ்வரி. நாற்பத்தைந்து வயது இருக்கும். நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டார். அங்கன்வாடி முத்துச்செல்வி மகள் என்றேன். மிஷின் நின்றுவிட்டது.

"முத்துவோட மகளா? பொழுதன்னைக்கும் எங்க வீட்டுலதான் கெடப்பா ஒங்கம்மா. என் தங்கச்சி மாரிக்கு இவ, இவளுக்கு மாரி. அதுக்கப்புறம் எங்க வாசல மிதிக்கல. ரோட்டுல பாத்தாலும் அந்தப் பக்கம் போயிருவா."

அதுக்கப்புறம் என்றால் எதற்கப்புறம் என்று கேட்டேன். சொன்னார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

1999, ஜனவரி 27. மாரீஸ்வரி காலையில் பள்ளிக்குக் கிளம்பிப் போனாள். சாயங்காலம் வீடு திரும்பவில்லை. பள்ளியில் போய்க் கேட்டார்கள். இரண்டு வேளையும் வந்திருக்கிறாள் என்று டீச்சர் பதிவேட்டைக் காட்டினார். அதனால் நாலு மணிக்கு மேல்தான் காணாமல் போயிருக்கிறாள் என்று போலீஸார் முடிவு செய்தார்கள். பஸ் ஸ்டாண்ட், ரயில்வே கேட், பள்ளிக்குப் பின்னால் இருக்கும் கிணறு, எல்லாம் தேடினார்கள். சுப்பையா என்ற ஆட்டுக்காரர் மட்டும், காலை ஒன்பதரைக்குச் சீருடை போட்ட பிள்ளை ஒன்று கல்குவாரிப் பக்கம் தனியாகப் போனதைப் பார்த்தேன் என்று சொன்னார். அந்த நேரத்தில் அவள் வகுப்பில் இருந்தாளே என்றார்கள். அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். பொய் சொல்லுகிறவனுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது என்று அவரையே ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் அடித்தார்கள்.

நான்காவது நாள் கல்குவாரியில்தான் கிடைத்தாள். பாதிப் பள்ளத்தில் ஒரு பாறைத் திட்டின் மேல், கால் உடைந்து. "ரெண்டு நாள் உசுரோட இருந்திருக்கான்னு டாக்டர் எழுதியிருந்தாரும்மா. கூப்பிட்டுக்கிட்டே இருந்திருப்பா."

மிஷின் இழுப்பறையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் காட்டினார். "கையில இதப் புடிச்சிருந்தா. எங்க வீட்டுக் கொலுசு இல்ல. யாருதுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது."

ஒற்றைக் கொலுசு. பழைய கொலுசுகள் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

ஓவர்கோட்டைத் தைத்துக் கொடுத்தார். அளவு சரியாகவே இருந்தது.

ஆகஸ்ட் 15, வியாழன்

கொடியேற்றம். பெனிட்டா மேடையில் பேசினாள். மூன்றாவது பத்திக்கு (கிணற்றடியில் காத்திருக்கும் குடங்கள்) மைதானமே கைதட்டியது. தலைமையாசிரியர் அவளை அழைத்து, "யாரும்மா எழுதிக் குடுத்தா?" என்றார். "நானே எழுதுனது மேம்" என்றாள். நான் மிட்டாய்த் தட்டோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

பிறகு வந்து, "சும்மா வாயில வந்துருச்சுட்டி, கோவிச்சுக்காத" என்று என் கையில் தன் மிட்டாயையும் வைத்தாள். கோபம் ஒன்றும் இல்லை. இரண்டு மிட்டாயையும் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

துணி துவைத்தேன். மாலையில் பெனிட்டா குழாயடிக்கு வந்தாள். ஒன்று கேட்டாள். பதில் சொன்னேன். பிறகு மழை வருவதுபோல் இருந்ததால் துணியை எடுத்தேன். மழை வரவில்லை.

ஆகஸ்ட் 19, திங்கள்

நாற்பத்திரண்டு பேரும் வந்திருந்தார்கள்.

(மாலை) ஆறு மணிக்குப் பெனிட்டாவின் சித்தி வந்தார். அவள் இன்னும் வீட்டுக்கு வரவில்லையாம். "ஒங்கூட இருக்காளோன்னு பாத்தேன்" என்றார். இல்லை என்றேன். அவர் போன பிறகு அம்மா என்னிடம், "காலையில வந்தாளா?" என்று கேட்டாள்.

"வந்தா."

"நீ பாத்தியா?"

"லைப்ரரியிலதான் இருந்தா."

அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வந்து, ஏனோ, என் தலையைத் தொட்டாள்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

போலீஸ் வந்தார்கள். இன்ஸ்பெக்டர் ஒரு பெண். வசந்தமாலா மிஸ் கைப்பேசியைக் காட்டினார். திங்கட்கிழமை, காலை பச்சை, மதியம் பச்சை. "பிள்ளை முழுநாளும் நூலகத்தில் பயிற்சியில் இருந்தாள். தலைவிதான் பார்த்துக்கிட்டா. சொல்லு கோதை" என்றார். மிஸ் என்னைப் பார்த்த பார்வையை எனக்கு எழுதத் தெரியவில்லை.

"மத்தியானம் பார்த்தேன் மேடம்" என்றேன்.

"சாயங்காலம் மணி அடிச்சப்போ?"

"கவனிக்கலை."

அப்போது பெனிட்டாவின் சித்தி அழுதுகொண்டே வந்தார். பைபாஸில் கரும்புச்சாறு விற்பவர், திங்கள் காலை ஒன்பதே காலுக்கு அவள் ஒரு பெண்ணோடு வெள்ளை வேனில் ஏறியதைப் பார்த்தாராம். இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டினார். "அந்த நேரத்துக்கு இங்க அட்டெண்டன்ஸ் ஏறியிருக்கும்மா. மத்தியானமும் இந்தப் பாப்பா பாத்திருக்கு. அவரு வேற யாரையோ பாத்திருப்பாரு. பஸ் ஸ்டாண்ட் கேமராவுல நாலு மணியிலிருந்து பார்த்துக்கிட்டிருக்கோம்."

ஆட்டுக்காரர் சுப்பையா சொன்னபோதும் இதே வார்த்தைகளைத்தான் சொல்லியிருப்பார்கள்.

சித்தி விடவில்லை. "கரும்புச்சாறு வண்டிக்குப் பக்கத்துச் செல்போன் கடையில கேமரா இருக்காம். ஆனா மூணு நாள்தான் நிக்குமாம். அதுக்கப்புறம் மேல மேல பதிஞ்சிருமாம். ஒரு எட்டு அதையும் பாருங்கம்மா" என்றார். பார்க்கலாம் என்றார்கள். அந்தப் 'பார்க்கலாம்' எனக்குப் புரிந்தது.

மூன்று நாள் என்றால் வியாழன் காலை ஒன்பதே கால்.

ஆகஸ்ட் 21, புதன்

காலை இடைவேளையில் வசந்தமாலா மிஸ் என்னைக் கூப்பிட்டார். "சனிக்கிழமை விருதுநகருக்கு நீ போயிரு கோதை. பேர் மாத்திக் குடுத்துட்டேன். ஒன்னைவிட்டா யாரு இருக்கா?" என்றார். அவர் கண்கள் வீங்கியிருந்தன. சரி மிஸ் என்றேன்.

நூலகத்துக்குப் போய், பெனிட்டாவுக்கு எழுதிக் கொடுத்த பேச்சை ஒரு முறை சொல்லிப் பார்த்தேன். மூன்றாவது பத்தி வந்ததும் குரல் பெனிட்டாவுடையதுபோல் வந்தது. நிறுத்திவிட்டேன். இரும்பு அலமாரியைத் திறந்து 31-ஆம் வரிசையைத் திரும்பப் பார்த்தேன். ஜனவரி 27. இரண்டு கோடு. நீல மை. அந்த டீச்சர் நிமிர்ந்து பார்க்காமல் போட்டிருப்பார். அவர் காதில் ஒரு குரல் விழுந்திருக்கும். 31-ஐக் கூப்பிட்டதும் ஒரு குரல், 32-ஐக் கூப்பிட்டதும் ஒரு குரல்.

பக்கத்துப் பக்கத்து எண்கள்.

நாலரைக்கு வீட்டுக்கு வந்தேன். அம்மா கேஸ் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன்.

"அம்மா, திங்கக்கிழம பெனிட்டா வரல. நான்தான் வந்ததா விட்டுட்டேன்."

அவள் திரும்பவில்லை. "வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

"அப்ப இருக்கட்டும். வெளிய சொன்னா ஒங்க மிஸ்ஸுக்கு வேல போயிரும். ஒனக்கு டி.சி. குடுத்து அனுப்பிருவாங்க. அவ எங்கேயாச்சும் சொந்தக்காரங்க வீட்டுக்குத்தான் போயிருப்பா. ரெண்டு நாள்ல வந்துருவா. பேசாம இரு."

நான் உள்ளே போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து, கைக்குட்டையைக் கொண்டுவந்து, அடுப்பு மேடையின் மேல் பிரித்து வைத்தேன்.

"இதோட ஜோடி காளீஸ்வரி அக்கா கடையில இருக்கு."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். துடைத்த துணி கையிலேயே இருந்தது. அந்தத் துணியைப் பார்த்தபடியே பேசினாள். என்னிடம் பேசியதுபோல் இல்லை.

"குடியரசு தினம் லீவுல்ல. யாருக்கும் தெரியாம கல்குவாரித் தண்ணிக்குப் போனோம், நானும் அவளும். வந்து பாத்தா ஒத்தக் காலுல கொலுசு இல்ல. எங்கப்பா என்னைய உரிச்சுருவாரு. அழுதேன். 'ஏ, எதுக்கு அழுவுத? எங்க கழட்டி வச்சோம்னு எனக்கு ஞாபகம் இருக்கு. காலையில ஓடிப்போயி எடுத்துட்டு வாரேன். நீ எனக்கு உள்ளேன் சொல்லிரு'ன்னா. மறுநாள் விளையாட்டு விழாப் பயிற்சி. மைதானத்துல வச்சுத்தான் பேரு கூப்பிட்டாங்க. எழுவது பிள்ளைக. யாரு வந்தா, யாரு வரலன்னு யாருக்குத் தெரியும்? சொன்னேன். மத்தியானமும் வரல. மத்தியானமும் சொன்னேன்."

"நீ போலீஸ்ல சொல்லலையா?"

"வகுப்புல இருந்தான்னு டீச்சர் சொல்லிட்டாங்க. நான் இல்லன்னா டீச்சர் பொய்யின்னு ஆகும். பயந்துட்டேன். அப்புறம் ஆட்டுக்காரர் சொன்னாருல்ல. பெரிய மனுசர் சொல்லிட்டாரு, போய்ப் பாத்துருவாங்கன்னு நெனச்சேன் கோதை. சாமி சத்தியமா அப்படித்தான் நெனச்சேன். அந்தப் பக்கம் ஒருத்தரும் போகல."

"ஒனக்கு அவங்க எங்க இருந்தாங்கன்னு தெரியும்."

"தெரியும்."

சுவரில் மணி ஐந்தே முக்கால். நான், "நாளைக்குக் காலையில ஒன்பதே காலு வரைக்கும்தாம்மா அந்தக் கேமராவுல இருக்கும்" என்றேன்.

அம்மா எழுந்தாள். முகம் கழுவினாள். புடவை மாற்றவில்லை. "செருப்பப் போடு" என்றாள்.

ஸ்டேஷனில் நான்தான் பேசினேன். எங்கேயும் நிறுத்தவில்லை. திங்கள் காலை அவள் வரவில்லை. கைப்பேசி என் கையில் இருந்தது. நான் பார்த்ததாகச் சொன்னது பொய். நர்சிங் பயிற்சி, இலவச விடுதி என்று பேசும் ஒரு பெண்ணை அவள் ஒரு மாதமாகப் பைபாஸில் சந்தித்துக்கொண்டிருந்தாள். இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டே இருந்தார். ஒரே ஒரு முறை நிமிர்ந்து, "நேத்து ஏன் பாப்பா சொல்லல?" என்றார்.

அவர் எழுதி முடிப்பதற்குள் இரண்டு காவலர்கள் செல்போன் கடைக்குக் கிளம்பிப் போய்விட்டார்கள்.

ஆகஸ்ட் 22, வியாழன்

வேன் எண் கிடைத்துவிட்டது. படத்தில் பெனிட்டா சிரித்துக்கொண்டு ஏறுகிறாளாம். ஊதாப் பை வைத்திருக்கிறாளாம். அது என்னுடைய பை.

மிஸ் இன்று வரவில்லை.

ஆகஸ்ட் 23, வெள்ளி

திண்டுக்கல் தாண்டி ஒரு நூல் மில்லின் விடுதியில் இருந்தாள். வெளியே பூட்டிய அறை. அவளோடு பதினொரு பெண்கள். ஒருத்திக்குப் பதின்மூன்று வயதுதான். போன அன்றே கைப்பேசிகளை வாங்கி வைத்துக்கொண்டார்களாம். திங்கட்கிழமை வேறு மாநிலத்துக்கு மாற்றுவதாக இருந்ததாம். இன்ஸ்பெக்டர் வீட்டுக்கே வந்து, "ஒம்மகளால பன்னெண்டு பிள்ளைக தப்பிச்சிருக்கும்மா" என்று அம்மாவிடம் சொன்னார். என் முதுகில் தட்டினார்.

அவர் தட்டிய இடம் இன்னும் எரிகிறது.

ஆகஸ்ட் 24, சனி

விருதுநகருக்கு நான் போகவில்லை. பத்தாம் வகுப்பிலிருந்து ஒரு பெண்ணை அனுப்பினார்கள்.

பதினெட்டாம் தேதிப் பக்கத்தை நான் முழுதாக எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

குழாயடியில் பெனிட்டா சொன்னாள்: "நாளைக்கு அந்த அக்கா கூப்பிடுதாங்கட்டி. இடத்தப் பாத்துட்டுப் புடிக்கலன்னா வந்துரலாமாம். சித்தி என்னைய இந்த வருசத்தோட நிப்பாட்டப் போறாங்க. எனக்கு வேற வழி இல்ல. ஆனா மனசு என்னமோ மாதிரி இருக்கு. நீ சொல்லு. நீ போகாதன்னா போகல."

அவள் எப்போதும் அப்படித்தான். நான் எழுதுவதைத்தான் பேசுவாள்; நான் சொல்வதைத்தான் செய்வாள்.

நான் வாளி நிரம்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அக்காவின் பெயர்கூட அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை என்பதை நினைத்தேன். சனிக்கிழமையை நினைத்தேன். "நானே எழுதுனது மேம்" என்பதை நினைத்தேன்.

"போ" என்றேன். என் ஊதாப் பையையும் கொடுத்தேன்.

இதை ஸ்டேஷனில் சொல்லவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை.

செப்டம்பர் 2, திங்கள்

வசந்தமாலா மிஸ்ஸைப் பணியிடை நீக்கம் செய்துவிட்டார்கள். சான்றுகளை வாங்கிப் போக இன்று வந்திருந்தார். படிக்கட்டில் எதிரே நின்று மன்னிப்புக் கேட்டேன். மிஸ் மூச்சு வாங்க நின்றார். "சொன்னது சரிதான் கோதை. சொல்லலன்னா என்னால தூங்கியிருக்க முடியாது. ஆனா இப்ப கொஞ்ச நாளைக்கு எம்முன்னால வராத" என்றார். படி இறங்கும்போது கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

நான் இப்போது தலைவி இல்லை. பதினைந்து நாள் வகுப்புக்கு வெளியே நிறுத்தலாம் என்றுதான் முதலில் பேசினார்களாம். இன்ஸ்பெக்டர் சொல்லி விட்டுவிட்டார்கள். புது மிஸ் ஒவ்வொரு பெயரையும் கூப்பிட்டு, நிமிர்ந்து, முகத்தைப் பார்த்த பிறகுதான் கைப்பேசியில் விரலை வைக்கிறார்.

பெனிட்டா இன்று வந்தாள். முடி கொஞ்சம் வெட்டியிருந்தது. கடைசிப் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். மதியம் சாப்பாட்டு நேரத்தில் நானே போனேன். ஊதாப் பையை நீட்டினாள். துவைத்து மடித்திருந்தாள்.

"ஒண்ணு மட்டும் கேக்கேன். அன்னைக்குப் போன்னு சொன்னியே. எனக்காகவா, சனிக்கிழமைக்காகவா?"

யோசிக்க நேரம் இருந்தது. நல்ல பதில்கள் நாலைந்து எனக்குத் தெரியும்.

"சனிக்கிழமைக்காக" என்றேன்.

அவள் தலையாட்டினாள். "அங்க கதவப் பூட்டுனப்போ நெனச்சேன்ட்டி. நீ எப்படியும் சொல்லிருவன்னு நெனச்சேன். அடுத்த நாள் சொல்லல. அதுக்கு அடுத்த நாளும் சொல்லல" என்றாள். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வேறு பிள்ளைகளிடம் போய்விட்டாள்.

நாற்பத்தொரு பேர் வந்திருந்தார்கள். ஒருத்திக்கு அம்மை.

செப்டம்பர் 8, ஞாயிறு

காலை பத்து மணிக்கு அம்மா, "காளியக்கா கடைக்குப் போறேன். நீயும் வா" என்றாள். நான் செய்த எல்லாவற்றையும் நேற்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன், 'போ' என்றது உட்பட. அம்மா திட்டவில்லை. இன்று கிளம்பியது அதனால்தானா என்று தெரியவில்லை.

கடையில் வேறு யாரும் இல்லை. அம்மா வாசற்படியில் நின்று செருப்பைக் கழற்றினாள். உள்ளே போகவில்லை. காளீஸ்வரி அக்கா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "வா முத்து" என்றார், நேற்றுத்தான் வந்துபோனவளைக் கூப்பிடுவதுபோல.

அம்மா கைக்குட்டையைத் தையல் மேஜையில் வைத்துப் பிரித்தாள். காளீஸ்வரி அக்கா அதையே பார்த்தார். பிறகு இழுப்பறையைத் திறந்து மற்றதை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். அம்மாவுடையது அப்படியே இருந்தது. மற்றதில் கொக்கி வளைந்திருந்தது.

அம்மா சொன்னாள். நின்றபடியே, எல்லாவற்றையும் சொன்னாள். 31-க்கு உள்ளேன் சொன்னது, மதியம் இரண்டாவது முறை சொன்னது, எங்கே போனாள் என்று தெரிந்தே இருந்தது. நடுவில் ஒரு பெண் ஜாக்கெட் துணியோடு வந்தாள். "அப்புறமா வாங்க" என்று காளீஸ்வரி அக்கா அனுப்பிவிட்டார்.

அம்மா அழவில்லை. காளீஸ்வரி அக்காவும் அழவில்லை. அளவு நாடாவை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தார்.

"எங்கம்மா சாகுற வரைக்கும் ஒன்னையத்தான் கேட்டா. முத்து ஏன் வரலன்னு. மாரி செத்த துக்கத்துல வரலன்னு நானே சொல்லியிருக்கேன்."

"என்னைய அடிச்சிருங்கக்கா" என்றாள் அம்மா.

"அடிச்சாத் தீருமா?" அவர் நாடாவைக் கீழே வைத்தார். "சுப்பையா ஞாபகம் இருக்கா? அந்த அடியில அவருக்கு இடது காது போச்சு. சாகுற வரைக்கும், நான் பாத்தது பொய்யில்ல, நான் பாத்தது பொய்யில்லன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு. பைத்தியம்னாங்க. அவரு வீட்டுக்காரம்மா கம்மாக்கரையில இன்னும் இருக்கு. நீ வாயால சொன்னது எனக்குப் போதும். அந்த வீட்டுக்குப் போதாது. எழுதிக் குடு. இன்னைக்கே கொண்டு போகணும்."

"நானும் வாரேன்க்கா."

"வரத்தான் செய்யணும்."

கடையில் வெள்ளைத்தாள் இல்லை. அம்மா என்னைப் பார்த்தாள். நான் பையிலிருந்து இந்த நாட்குறிப்பை எடுத்து, கடைசிப் பக்கத்தைக் கிழித்துக் கொடுத்தேன். மேஜையில் இருந்த துணிகளைத் தள்ளி இடம் பண்ணிக்கொண்டு அம்மா எழுதினாள். வெகு நேரம் எழுதினாள். எழுதியது கொஞ்சம்தான்.

அவர்கள் இருவரும் அதை எடுத்துக்கொண்டு கண்மாய்க்கரைக்குப் போனார்கள். நான் கடையைப் பார்த்துக்கொண்டேன். தாளை மடிப்பதற்கு முன் ஒரு முறை கேட்டு வாங்கி, ஓர் எழுத்தும் மாற்றாமல் இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

ஜனவரி 27, 1999, புதன்

இன்று மாரீஸ்வரி பள்ளிக்கு வரவில்லை. காலையிலும் மதியமும் அவளுக்கு உள்ளேன் சொன்னது நான். அவள் என் கொலுசை எடுக்கக் கல்குவாரிக்குப் போனாள். ஒன்பதரை மணிக்கு ஆட்டுக்காரர் சுப்பையா பார்த்தது அவளைத்தான்.

முத்துச்செல்வி
வரிசை எண் 32